1234567890-ஐப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது எப்படி?

123 கோடியே சொச்சம். இந்த எண்ணுக்கு எத்தனை வகுத்திகள் என்று பார்க்கப் போகிறோம். காகிதமும் சாதாரண கால்குலேட்டரும் போதும்.

படி 1. கடைசி இலக்கம் 0, ஆக 2-ம் 5-ம் உண்டு. இலக்கங்களைக் கூட்டினால் 45, ஆக 9-ம் உண்டு. 90-ஆல் வகுத்தால் கிடைப்பது 13717421. இதன் இலக்கக் கூட்டல் 26, எனவே இனி 3-ஐ மறந்துவிடலாம்.

படி 2. 7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் சோதிக்கலாம், ஏனென்றால் மூன்றின் பெருக்கல் 1001. வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள்: 421 − 717 + 13 = −283. குறியை விட்டுவிடுங்கள். 283 இந்த மூன்றில் எதாலும் வகுபடாது.

படி 3. பலரும் கைவிடுவது இங்கேதான். 17, 19, 23 என்று போய்க்கொண்டே இருந்தால் ஏறக்குறைய 500 பகா எண்களைத் தாண்டிய பிறகுதான் விடை கிடைக்கும். அதற்குப் பதில் கணிதமேதை ஃபெர்மா சொன்ன வழி: இரண்டு காரணிகளாக உடையும் எந்த ஒற்றை எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதலாம். a² − b² = (a − b)(a + b) என்பதால், அந்த வர்க்கங்கள் கிடைத்தால் காரணிகளும் கிடைத்துவிடும்.

13717421-இன் வர்க்கமூலம் 3703.7 சொச்சம். அதற்கு அடுத்த முழு எண்ணிலிருந்து தொடங்குங்கள். அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்தால் வருவதும் வர்க்கமா என்று பாருங்கள்.

3704² − 13717421 = 2195. 5-இல் முடியும் வர்க்கம் 25-இல்தான் முடியும், ஆக இது வர்க்கம் இல்லை.
3705² − 13717421 = 9604. இது 98²!

அப்புறமென்ன, 3705 − 98 = 3607, 3705 + 98 = 3803. இரண்டுமே பகா எண்கள். 61 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே உறுதியாகிவிடும்.

படி 4. 1234567890 = 2 × 3² × 5 × 3607 × 3803. ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 2 × 3 × 2 × 2 × 2 = 48 வகுத்திகள். அவற்றின் கூட்டுத்தொகை 3 × 13 × 6 × 3608 × 3804 = 3211610688. எண்ணையே கழித்த பிறகும் மிஞ்சுவது அதைவிடப் பெரிது, ஆக இது ஒரு மிகை எண்.

இதைவிடப் பெரிய எண்ணுக்கு எக்செல் வேண்டாம். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மிச்ச இலக்கங்களைச் சத்தமில்லாமல் பூஜ்ஜியமாக்கிவிடும். என் ஓட்டு பைதான் என்ற நிரல்மொழிக்கு. ஒன்று மட்டும், வகுக்கும்போது இரட்டைச் சாய்கோடு போடுங்கள். ஒற்றைச் சாய்கோடு தசம எண்ணாக்கிக் கடைசி இலக்கங்களைக் கெடுத்துவிடும்.

பின்சேர்க்கை: 4294967297-க்குப் படி 3 முடியவே மாட்டேன் என்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். முடியும், ஆனால் 32 லட்சம் முறைக்கு மேல் பார்க்க வேண்டும். காரணிகள் 641, 6700417 என்று எட்ட எட்ட இருப்பதுதான் காரணம். கணிதமேதை ஆய்லர் 1732-இல் உடைத்த எண் இது. ஃபெர்மாவின் வழி அருகருகே இருக்கும் காரணிகளுக்குத்தான் சரிப்படும். எனவே முதலில் ஆயிரம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பாருங்கள், அப்புறம் படி 3-க்கு வாருங்கள்.