ஓடிப்போன 'அடுத்து' பொத்தான்

அழகர் வைகையில் இறங்குவதை 40 பக்கப் படக்கதையாக வரைந்து என் தளத்தில் போட்டிருந்தேன். செல்லூர் அத்தை கைப்பேசியில் படித்துவிட்டு, "ஏன்டா, 'அடுத்து'ன்னு இருக்குறதத் தொடப் போனா அது கீழ ஓடுது" என்றார்.

காரணம் இதுதான்: படம் இறங்கும்வரை அதன் உயரம் பிரவுசருக்குத் தெரியாது. இறங்கியதும் கீழே இருப்பதையெல்லாம் தள்ளிவிடும். ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் ஹெச்டிஎம்எல்லில் (பக்கத்தின் அமைப்பை எழுதும் மொழி) எழுதினேன். தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் அதிகபட்ச அகலம் 100%, உயரம் 'ஆட்டோ', அதாவது அகலத்துக்கு ஏற்பத் தானாக. படம் வருமுன்பே அதற்கான இடம் ஒதுக்கப்பட்டதால் ஓட்டம் நின்றது.

ஆனால் பக்கத்துக்குப் பக்கம் படத்தின் உயரம் வேறு, அதனால் பொத்தானும் இடம் மாறியது. சரி என்று படம் தொடங்குவதற்கு மேலேயே 'முந்தையது', 'அடுத்து' என்று ஒரு ஜோடிப் பொத்தான் வைத்தேன். படத்தைத் தொட்டாலும் அடுத்த பக்கம் வரும். கணினியில் அம்புக்குறி விசைகள்.

படிக்கும்போதே அடுத்த படம் பின்னணியில் இறங்கிவிடும். ஒன்றே ஒன்றுதான், மொத்தத்தையும் இறக்கினால் அத்தையின் டேட்டா காலி. விட்ட பக்கத்தை, பிரவுசருக்குள்ளேயே இருக்கும் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜ் நினைவில் வைத்துக்கொள்ளும்.

வசன எழுத்து பொடிசாகத் தெரிகிறது என்ற புகார் மட்டும் பாக்கி. அது நிரலில் தீராது. ஒரு பக்கத்தில் ஆறு கட்டம் போட்டது என் தப்பு. கட்டம் கட்டமாக வெட்டி, மேலிருந்து கீழாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். 11 பக்கம் முடிந்தது.