பல்வலிக்குக் கிராம்பை எப்படி வைப்பது?
ராத்திரி 11 மணிக்குப் பல்வலி பிடித்தால் அஞ்சறைப்பெட்டியில் கிராம்பைத் தேடுங்கள். மொட்டு உதிராத, நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிகிற கிராம்பாக ஒன்றை எடுத்து, வலிக்கிற பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே அடக்கிக்கொள்ளுங்கள். எச்சிலில் ஊறி மெத்தென்று ஆனதும் லேசாக நசுக்கினால் போதும். சுரீரென்று காரம் ஏறி, அப்புறம் அந்த இடம் மரத்துப்போகும். கிராம்பு எண்ணெயில் இருக்கிற யூஜெனால் என்ற பொருள் செய்கிற வேலை அது.

இந்தோனேசியாவின் மலுக்கு தீவுகளில் பிறந்த மொட்டு இது. பல் மருத்துவர்கள் இன்றும் துத்தநாக ஆக்சைடோடு யூஜெனாலைக் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கிறார்கள். அந்த அறையில் அடிக்கிற வாசனை இதுதான்.

கிராம்பு எண்ணெயை அப்படியே தடவாதீர்கள், ஈறு வெந்துவிடும். குழந்தைகளுக்கு அந்த எண்ணெய் வேண்டவே வேண்டாம். விழுங்கினால் கல்லீரலைப் பாதிக்கும். கிராம்பால் பல் சொத்தை ஆறாது. முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.