இ-ஆர்க் எந்த போர்ட்டில்? வாங்கும் முன் பாருங்கள்

புது டிவியில் எத்தனை எச்டிஎம்ஐ 2.1 போர்ட் (4கே 120 ஹெர்ட்ஸ் வீடியோவை ஏற்கும் அதிவேக போர்ட்) என்று எண்ணினால் மட்டும் போதாது. டிவியின் ஒலியை சவுண்ட்பாருக்கு அனுப்பும் இ-ஆர்க் வசதி அவற்றில் ஒன்றிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். சோனி எக்ஸ்90எல் மாடலில் 3, 4 ஆகிய இரண்டு போர்ட்டுகளில் மட்டுமே 4கே 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 படங்கள்) வரும்; இ-ஆர்க் இருப்பதும் 3-இல்தான். சவுண்ட்பாரைச் செருகியதும் பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோலுக்கு 4-ஆவது போர்ட் மட்டுமே மிச்சம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் வைத்திருந்தால் அது 4கே 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

இ-ஆர்க் ஒலியை டிவியிலிருந்து வெளியே அனுப்புகிறது. அதனால் அந்த போர்ட்டின் அதிவேக வீடியோ பாதை சும்மா கிடக்கும். கன்சோலை சவுண்ட்பார் வழியாகக் கொண்டுபோகலாமே என்றால், அதன் எச்டிஎம்ஐ உள்ளீடு 120 ஹெர்ட்ஸைக் கடத்த வேண்டும். பலவும் 60-லேயே நின்றுவிடும். பெட்டி அட்டையை நம்பாதீர்கள், டிவியின் பின்புறம் ஒவ்வொரு போர்ட்டுக்கும் மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். கடையில் சுவரில் மாட்டியிருந்தால், தயாரிப்பாளரின் தளத்திலுள்ள கையேடு.

நான்கு போர்ட்டும் 2.1 ஆக இருக்கும் எல்ஜி சி3 ஓஎல்இடி போன்றவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. செட்டாப் பாக்ஸும் ஓடிடியும் மட்டும் பார்க்கும் வீட்டுக்கும் இல்லை.