சோப்பில் வண்ணச் சுழல்: எல்லாம் பதத்தில்தான் இருக்கிறது

சுழல் சரியாக விழவில்லை என்றால் முதலில் கையைக் குறை சொல்கிறோம், அப்புறம் சுழற்றும் கம்பியை. பெரும்பாலும் அதற்கு முன்பே, ஸ்டிக் பிளெண்டரால் அடிக்கும் அந்த ஒரு நிமிடத்திலேயே காரியம் கெட்டிருக்கும். கலவை இறுகிவிட்டால் யார் சுற்றினாலும் சுழலாது. தண்ணியாக இருந்தால் நிறங்கள் ஒன்றில் ஒன்று கரைந்து மங்கிவிடும். அதனால் இந்தக் குறிப்பில் பாதி, பதம் பார்ப்பதைப் பற்றித்தான்.

காஸ்டிக் சோடா சேர்த்து, அடுப்பில் காய்ச்சாமல் செய்யும் கோல்ட் பிராசஸ் சோப்புக்கான முறை இது. ஒற்றை நிறச் சோப்பு ஒரு முறையாவது செய்தவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சோடாவைப் பற்றி நான்கு வார்த்தை மட்டும்: கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் பக்கத்திலேயே வர வேண்டாம். சோடா அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எல்லாவற்றையும் எடை போட்டே எடுக்க வேண்டும், கப் கணக்கு ஆகாது.

அளவு

ஆலிவ் எண்ணெய் 350 கிராம், தேங்காய் எண்ணெய் 150 கிராம், காஸ்டிக் சோடா 70 கிராம், தண்ணீர் 160 கிராம். இதில் சுமார் 6 சதவீத எண்ணெய் சோடாவோடு சேராமல் மிஞ்சி நிற்கும், தோலுக்கு அது நல்லது. எண்ணெயை மாற்றினால் சோடாவின் அளவும் மாறும் என்பதால், எண்ணெய்க்கேற்ற சோடா அளவைச் சொல்லும் லை கால்குலேட்டரில் போட்டுப் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

ஆலிவ் ஏன் இவ்வளவு? அது மெதுவாக இறுகும், சுழலுக்கு அந்த அவகாசம் வேண்டும். ஷியா பட்டர், கோகோ பட்டர் போன்றவை தாராளமாக விழுந்தால் கலவை சீக்கிரம் கெட்டியாகும். ஆலிவிலும் பொமாஸ் வகை (பிழிந்த சக்கையிலிருந்து எடுப்பது) கொஞ்சம் வேகமாகவே இறுகும். தண்ணீரையும் குறைக்க வேண்டாம். அதுவும் நேரம் வாங்கித் தரும்.

நிறம்

மைக்கா (மினுமினுக்கும் நிறத்தூள்), அயர்ன் ஆக்சைடு, அல்ட்ராமரின் நீலம், கரித்தூள் எல்லாம் சோடாவைத் தாங்கும். உணவு நிறம் வேண்டாம்: சிலது வெளிறும், சிலது பக்கத்து நிறத்துக்குள் ஊறி சுழலின் கோட்டையே அழித்துவிடும். பீட்ரூட், செம்பருத்தி ஆகியவை கடைசியில் பழுப்பாகும். மஞ்சள் தூள் சோடா பட்டதும் சிவந்து மிரட்டும். பிறகு மெல்ல மஞ்சளுக்குத் திரும்பும், ஆனால் வெளிச்சத்தில் மங்கும்.

கலவை 100 முதல் 120 கிராம் என்றால் மைக்கா கால் டீஸ்பூன் போதும். அதை ஒரு டீஸ்பூன் எண்ணெயில் முன்கூட்டியே குழைத்து, கட்டியில்லாமல் வைத்துவிடுங்கள். பிளெண்டர் நின்ற பிறகு தூளைத் தேட நேரம் இருக்காது.

ஆலிவ் கலவை லேசான மஞ்சளாக இருக்கும், நீலம் போட்டால் பச்சையடிக்கும். அடிநிறத்தில் கொஞ்சம் டைட்டானியம் டையாக்சைடு சேர்த்து வெளுப்பாக்கினால் மற்ற நிறங்கள் எடுப்பாகத் தெரியும்.

பதம்

எண்ணெயும் சோடாத் தண்ணீரும் இரண்டும் 35 முதல் 40 டிகிரி செல்சியஸுக்கு ஆறட்டும். ரொம்பவும் ஆறினால் கெட்டிக் கொழுப்புகள் உறைந்து, பதம் வந்ததுபோல ஏமாற்றும்.

சோடாத் தண்ணீரை ஊற்றியதும் முதலில் கையால் கிளறுங்கள். பிறகு பிளெண்டரை இரண்டு, மூன்று விநாடி ஓட்டுங்கள், நிறுத்துங்கள், அதே பிளெண்டரை அணைத்தபடியே கரண்டிபோல் வைத்துக் கிளறுங்கள். மறுபடி இரண்டு விநாடி. ஒவ்வொரு முறையும் ஸ்பாட்டுலாவில் அள்ளிச் சாய்த்துப் பாருங்கள். ஆரம்பத்தில் வழியும் கலவையில் எண்ணெய் தனியாகப் பளபளவென்று கோடு கோடாக ஓடும். அந்தக் கோடுகள் மறைந்து, முழுவதும் ஒரே வெளிர் நிறமாக, பளபளப்பு குறைந்து வழிந்தால் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்துவிட்டன என்று பொருள். அங்கேயே நிறுத்துங்கள். மனசு கேட்காது, இன்னும் தண்ணியாக இருக்கிறதே என்று தோன்றும். நிறுத்துங்கள். பிரித்து, நிறம் கலந்து, ஊற்றுவதற்குள் மிச்சப் பதம் தானாக வந்துவிடும்.

ஊற்றும்போது இருக்க வேண்டிய பதம், சுவரில் அடிக்கத் தயாரான பெயின்ட் அளவு. மேலே ஒரு சொட்டு விட்டால் தடம் ஒரு கணம் நின்று அமிழ வேண்டும். தடம் அப்படியே மேலே நின்றுவிட்டால் மெல்லிய சுழலை மறந்துவிட்டு, கரண்டி கரண்டியாக வைத்து அடுக்கு டிசைனாக முடித்துக்கொள்ளுங்கள், அதுவும் அழகுதான்.

வாசனை எண்ணெயைக் கடைசியில், கையால் மட்டும் கலக்குங்கள். கிராம்பு, இலவங்கப்பட்டை, பல பூ வாசனைகள் கலவையைக் கண்ணெதிரே கல்லாக்கிவிடும். வெனிலா கலந்தவை சில நாளில் சோப்பைப் பழுப்பாக்கும். முதல் முறை வாசனையே வேண்டாம் என்பேன். லாவெண்டர் எசென்ஷியல் எண்ணெய் பொதுவாகத் தொந்தரவு தராது.

சுழல்

தொடங்குபவர்களுக்குப் பாத்திரத்திலேயே சுழற்றும் முறைதான் சரி. பாதிக் கலவையை அடிநிறமாக வையுங்கள். மீதியை மூன்றாகப் பிரித்து நிறம் கலந்து, கடிகாரத்தில் 12, 4, 8 இருக்கும் இடங்களில் ஒவ்வொன்றாக ஊற்றுங்கள். பாதியைத் தாழ்வாக, பாதியைச் சற்று உயரத்திலிருந்து ஊற்றினால் நிறம் அடிவரை இறங்கும். ஸ்பாட்டுலாவை விட்டு ஒரே ஒரு சுற்று. இரண்டாவது சுற்று ஆசைதான் எல்லாவற்றையும் கெடுக்கும். அச்சில் ஊற்றும்போது மிச்சச் சுழல் தானே நடக்கும்.

கம்பியை அச்சுக்குள் இறக்கிச் சுழற்றும் முறையில் பிளாஸ்டிக் உறை போட்ட தடித்த கம்பி நல்லது. மெல்லிய கம்பி கோடு கிழிக்குமே தவிர, கலவையை நகர்த்தாது.

அச்சை மூடித் துணி சுற்றி வையுங்கள். உள்ளே சூடேறி சோப்பு ஜெல்போல ஆகி இறுகினால் நிறம் பளிச்சென்று வரும். நடுவில் மட்டும் சூடேறினால் வட்டமாக ஒரு கருநிழல் விழும். சோப்புக்குக் கேடில்லை, டிசைனுக்குத்தான்.

24 முதல் 48 மணி நேரத்தில் வெட்டலாம். கத்தியைவிடக் கம்பிக் கட்டர் எனக்குப் பிடிக்கும், நிறத்தை இழுத்துப் பூசாது. வெட்டியதும் முகம் மங்கலாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், காய்ந்த பிறகு மேலே லேசாகச் சீவினால் கோடுகள் தெளியும். 4 முதல் 6 வாரம் காற்றோட்டத்தில் காயட்டும்.

பிற்சேர்க்கை

செய்து பார்த்த சிலருக்கு ஊதா மைக்கா சாம்பலாகிவிட்டது. மைக்கா எல்லாம் ஒன்றல்ல. அதன் மேல் பூசிய சாயம் சோடாவைத் தாங்க வேண்டும். புது நிறம் வாங்கினால், அடுத்த முறை செய்யும்போது ஒரு கரண்டி கலவையைத் தனியே எடுத்து அதில் போட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

மேலே வெள்ளையாகப் படிவதையும் கேட்டிருந்தார்கள். அது சோடா சாம்பல். எண்ணெயோடு இன்னும் சேராத சோடா காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வருவது. ஊற்றியதும் மேலே ஐசோபுரோபைல் ஆல்கஹால் தெளித்து மூடினால் குறையும். வந்துவிட்டாலும் சோப்பு இறுகிய பிறகு ஆவியில் காட்டினால் மறைந்துவிடும்.