ரத்தப் புற்றுக்குப் பூச்சி மாத்திரையா? மருந்துக்கடை கவுன்டரில் இருந்து சில எச்சரிக்கைகள்

பூச்சி மாத்திரை ரத்தப் புற்றைக் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வீடியோ முழுப் பொய் இல்லை. மறுத்துப் பேசுவது கஷ்டமாக இருப்பதே அதனால்தான். ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து லுகேமியா (ரத்தப் புற்று) செல்களைக் கொல்கிறது என்று டொரான்டோ ஆய்வாளர்கள் 2010-ல் எழுதினார்கள். ரத்த நோய்த் துறையில் பெயர்பெற்ற ‘பிளட்’ இதழில் அது வந்தது. எலிகளுக்குக் கொடுத்தபோதும் கட்டியின் வளர்ச்சி குறைந்தது. குன்னூரில் என் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் அதைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்: “அண்ணா, மாமாவுக்கு ரத்தப் புத்துங்க. இந்த மாத்திரை ரெண்டு அட்டை குடுங்க.”

முதல் தவறு இங்கேயே நடக்கிறது. ஆய்வுக்கூடத் தட்டில் செல் செத்ததை ஆள் பிழைத்ததாக எடுத்துக்கொள்கிறோம். ஐவர்மெக்டின் 12 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை விழுங்கினால், ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தில் மில்லிலிட்டருக்கு 50 நானோகிராமை ஒட்டித்தான் இருக்கும். லுகேமியா செல்களைக் கொல்ல ஆய்வுக்கூடத்தில் தேவைப்பட்டது ஆயிரக்கணக்கான நானோகிராம். “அப்ப அட்டை அட்டையாப் போட்டா?” என்று உடனே கேட்பார்கள். அந்த அளவு போகும்போது மருந்து மூளையைத் தொடும்: குழப்பம், வலிப்பு, சுயநினைவு இழப்பு.

ஆய்வுக்கூடத்துக்கும் மனிதருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதற்கு நம் நீலகிரி மலையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வெள்ளைக்காரர்கள் சிங்கோனா மரம் நட்டார்கள். நடுவட்டத்தில் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்து வேலை வாங்கிய சிறைக்கட்டடம் இன்னும் நிற்கிறது. அந்த மரப் பட்டையில் எடுத்த கொய்னா (குயினைன்) தான் மலேரியா ஒட்டுண்ணிக்கு மருந்து. இதே கொய்னாவை லுகேமியாவிலும் முயன்று பார்த்தார்கள். புற்றுசெல்கள் உள்ளே வந்த கீமோ மருந்தை வெளியே இறைத்துத் தள்ளிவிடும். அப்படி இறைப்பதைக் கொய்னா தடுப்பது ஆய்வுக்கூடத்தில் அருமையாகத் தெரிந்தது. பிரெஞ்சு மருத்துவர்கள் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கீமோ மட்டும், மறுபக்கம் கீமோவோடு கொய்னா என்று கொடுத்துப் பார்த்தார்கள். 1996-ல் 315 பேர், 2003-ல் 425 பேர் என்று முடிவுகள் வெளியாயின. மொத்தமாகப் பார்த்தால் கொய்னா சேர்த்ததால் யாருக்கும் ஆயுள் கூடவில்லை. காகிதத்தில் ஐவர்மெக்டினை விடப் பல படி மேலே ஏறிய மருந்து அது. கடைசிப் படியில் நின்றுவிட்டது.

அதற்காகப் பழைய மருந்து எதுவுமே புற்றுக்கு உதவாது என்று கையை விரிப்பதும் தவறுதான். ஆர்சனிக் டிரையாக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள், நம் நாட்டு மருந்துக்கடைப் பாஷையில் வெள்ளைப் பாஷாணம். ஏ.பி.எல். என்ற ஒரே ஒரு வகை லுகேமியாவில் அது அசத்துகிறது. வேலூர் சி.எம்.சி.யில் புதிதாக நோய் கண்ட 72 பேருக்கு அதை மட்டுமே கொடுத்து, 86 சதவீதம் பேருக்கு நோய் முழுத் தணிவுக்கு வந்ததை 2006-ல் வெளியிட்டார்கள். ஆளை வைத்துச் சோதித்து, இ.சி.ஜி. பார்த்துப் பார்த்து, ஊசியாக ஏற்றியது அது. பாஷாணம் தேடி யாரும் நாட்டு மருந்துக்கடைக்குக் கிளம்பிவிட வேண்டாம்.

லுகேமியா என்பது ஒரு நோய் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வகைக்கு ஒரு சிகிச்சை. “ரத்தப் புத்துக்கு இது கேக்கும்” என்று மொத்தமாகச் சொல்கிறவருக்கு எந்த வகை என்றே தெரியாது.

எஸ்டேட்டுகளில் நான் அதிகம் பயப்படுவது இன்னொன்றுக்கு. கொக்கிப்புழு இங்கே பழைய விருந்தாளி. வெறுங்காலோடு மண்ணில் நடந்தால் போதும். லயன் வீட்டுப் பிள்ளை வெளுத்துப் போய் சோர்ந்து கிடந்தால், “பூச்சியாத்தான் இருக்கும்” என்று அல்பெண்டசோலும் இரும்புச்சத்து டானிக்கும் வாங்கிப் போகிறார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் வெளுப்போடு விடாத காய்ச்சல், அடிபடாமலே தோலில் நீலத் தடிப்பு, ஈறில் ரத்தம், ராத்திரியில் கால் எலும்பு வலி, கழுத்தில் நெறி இவற்றில் ஏதாவது சேர்ந்தால் மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது. அன்றே ரத்தத்தில் அணுக்களை எண்ணி, ஸ்மியரும் (ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) பார்க்கச் சொல்லுங்கள். புழுவால் வந்த சோகையில் குறைவது பொதுவாக ஹீமோகுளோபின்தான். தட்டணுவும் (பிளேட்லெட்) சேர்ந்து சரிந்திருந்தால் கதை வேறு. பிள்ளைகளுக்கு வரும் லுகேமியா முறையான சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும் நோய். வாரக்கணக்கில் டானிக்கில் கழிக்கிற நாட்கள்தான் நஷ்டம்.

“அப்படின்னா கேன்சர் டாக்டரே எங்க சித்திக்கு ஐவர்மெக்டின் எழுதினாரே?” என்று ஒரு தம்பி மடக்கினான். நியாயமான கேள்வி. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு மண் வழியாக உடம்புக்குள் போய், தொந்தரவே தராமல் பல வருஷம் குடலில் கிடக்கும். லுகேமியா சிகிச்சையில் ஸ்டீராய்டு கொடுத்து எதிர்ப்பு சக்தி இறங்கியதும் அது பெருகி, நுரையீரல் வரை பரவி உயிருக்கே உலை வைக்கும். அதைத் தடுக்கத்தான் முன்கூட்டியே ஐவர்மெக்டின் எழுதுவார்கள். ஒன்றிரண்டு வேளை, புழுவுக்கு. அந்தச் சீட்டின் போட்டோதான் பிறகு ‘புற்று மருந்து’ என்று குரூப் குரூப்பாகச் சுற்றுகிறது.

மாட்டு மருந்தைப் பற்றி: சட்டென்று முடித்துவிடுகிறேன். ஆடு மாடு வைத்திருக்கிற வீடுகளில் ஐவர்மெக்டின் ஊசிமருந்து அலமாரியிலேயே இருக்கும். ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். 50 மில்லி பாட்டில் ஒன்றில் 500 மில்லிகிராம். அறுபது கிலோ ஆளுக்குப் புழுவுக்கே 12 மில்லிகிராம்தான் முழு வேளை. மூடியில் ஊற்றிக் குடிக்கும்போது யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. நாய்க்குக் கொடுக்கிற ஃபென்பெண்டசோல் மனிதருக்கு அனுமதியே பெறாதது. புற்றுக்கென்று அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது.

கீமோ நடக்கும்போது “ஒண்ணும் ஆகாது, பூச்சி மாத்திரைதானே” என்று அல்பெண்டசோலைத் தினமும் போடுவது இன்னும் மோசம். தொடர்ந்து சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையை அமுக்கி வெள்ளை அணுவைக் குறைக்கும் குணம் அதற்கு உண்டு. கீமோவும் அதையேதான் செய்கிறது. அணு இறங்கியது எதனால் என்று தெரியாமல் டாக்டர் கீமோவைத் தள்ளிவைப்பார். ஏற்கெனவே போட்டிருந்தால் திட்டுவாரே என்று மறைக்க வேண்டாம். சிகிச்சைக்காகக் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறும்போது அந்த அட்டையையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இமாடினிப் சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2001-ல் வந்த அந்தத் தினசரி மாத்திரைதான் சி.எம்.எல். என்ற வகை லுகேமியா நோயாளிகளின் விதியையே மாற்றியது. “கவுன்ட் நார்மல் ஆயிருச்சுண்ணா” என்று அதை நிறுத்திவிட்டுப் பூச்சி மாத்திரைக்கு மாறுவதாக ஒருவர் சொன்னார். ரத்த அணுக்களின் கவுன்ட் நார்மலாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். நிறுத்தலாமா என்பதைப் பல வருஷ ரத்தப் பரிசோதனை முடிவுகளை வைத்து டாக்டர்தான் சொல்ல முடியும்.

புது மருந்துச் சோதனையில் சேர யாராவது கூப்பிட்டால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதன் பதிவு எண் என்ன என்று முதலில் கேளுங்கள். சி.டி.ஆர்.ஐ. என்று எழுதி, ஆண்டோடு தொடங்கும் எண் அது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் போட்டுப் பார்க்கலாம். எந்த வகை லுகேமியாவுக்கு, எந்த ஆஸ்பத்திரியில் என்று எல்லாமே அதில் இருக்கும்.