குளிரில் பழைய பைக்கை ஸ்டார்ட் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்ந்த காலையில் பழைய பைக் கிளம்பாவிட்டால், ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டே கிக்கரை உதைப்பதுதான் பலருடைய வழக்கம். காரியத்தைக் கெடுப்பதும் பெரும்பாலும் அதுவேதான். இங்கே சொல்வது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டிகளைப் பற்றி. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் குளிருக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதை அதன் சென்சாரே பார்த்துக்கொள்ளும். பழைய பைக்கில் அது நம் கையில் இருக்கிறது.

பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் தீப்பிடிக்கும். குளிரில் அது சரியாக ஆவியாகாது. இன்ஜினுக்குப் போகும் வழியில் சில்லிட்ட குழாய்ச் சுவரிலேயே கொஞ்சம் படிந்தும் விடும். அதனால் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் போக வேண்டும். அதற்குத்தான் சோக்.

சோக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று, காற்று வரும் வழியைத் தகடு வைத்து மறைப்பது. மற்றது, லீவரை இழுத்தால் கார்புரேட்டருக்குள் பெட்ரோலுக்கென்று தனியாக ஒரு சின்ன வழியைத் திறந்துவிடுவது. இந்த இரண்டாவது வகை, இன்ஜின் உள்ளிழுக்கும் வேகத்தை நம்பியே வேலை செய்கிறது. ஆக்சிலரேட்டரை முறுக்கியதும், கார்புரேட்டரில் காற்றை அளந்து விடும் ஸ்லைடு மேலே போய்க் காற்று தாராளமாகப் புகுந்துவிடும். அந்தச் சின்ன வழியில் இழுவையே இருக்காது. சோக் போட்டும் போடாத கதைதான். எனவே சோக் போட்டுவிட்டால் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் உதையுங்கள். இன்ஜின் பிடித்தபின் திணறினால் மட்டும் லேசாகக் கொடுக்கலாம்.

கிளம்பவில்லையே என்று சோக்கோடு உதைத்துக்கொண்டே இருப்பது அடுத்த தவறு. கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் வாடை தூக்கலாக வரும். அத்துடன் நிறுத்திவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் முனை ஈரமாகப் பளபளத்தால் பெட்ரோல் அதிகமாகிவிட்டது. பிளக்கைத் துடைத்துக் காயவையுங்கள். சாவியை அணைத்து, சோக்கை எடுத்து, ஆக்சிலரேட்டரை முழுதும் திறந்து சில தடவை கிக்கரை உதைத்தால் உள்ளே தேங்கியது வெளியேறும். அப்புறம் பிளக்கை மாட்டி முயலுங்கள். இத்தனை உதைத்தும் முனை காய்ந்தே இருந்தால் பிரச்சினை வேறு: பெட்ரோல் வரவே இல்லை. பெட்ரோல் டேங்கின் டேப் மூடியிருக்கிறதா, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கைப் பார்க்காமல் உதைப்பது கால்வலிக்குத்தான் வழி.

வாரக்கணக்கில் நின்ற வண்டி என்றால் கார்புரேட்டர் அடியில் உள்ள கிண்ணத்துப் பெட்ரோலைச் சந்தேகப்படுங்கள். எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடுவதால், மிஞ்சுவது குளிரில் லேசில் பிடிக்காது. அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி அதை ஒரு பாத்திரத்தில் பிடித்துவிட்டு, டேப்பைத் திறந்து புதுப் பெட்ரோல் இறங்கவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. பலரும் இதைச் செய்யாமல் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில் என்று மாற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கும்.

செல்ஃப் உள்ள வண்டியில் பட்டனை விடாமல் அழுத்திப் பிடிப்பதும் கூடாது. குளிரில் பேட்டரியின் திறன் குறைகிறது. அதே நேரம் ஆயில் கெட்டிப்பட்டு இன்ஜினைச் சுற்றுவது கடினமாகிறது. ஒரு தடவைக்கு ஐந்து விநாடி போதும். பத்துப் பதினைந்து விநாடி விட்டு மறுபடி அழுத்துங்கள். ஹெட்லைட்டை அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள். நன்றாக சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி, சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும்; 12.2-க்கும் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள்.

ஆயிலையும் கவனியுங்கள். டின்னில் W-க்கு முன்னால் இருக்கும் எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் இளகி ஓடும். கையேடு அனுமதித்தால் குளிர்காலத்தில் 20W-50-க்குப் பதில் 10W-40 போடலாம். கெட்டியான ஆயிலில் கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டிக்கொள்வதும் உண்டு. சாவியைத் திறக்கும் முன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு, பிளேட்டுகள் விடுபடும்வரை கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். கிளட்சைப் பிடித்தால் கிக்கர் இன்ஜினைச் சுற்றாத வண்டிகளில் இது எளிது.

சரி, கிளம்பிவிட்டது. உடனே உறும விடாதீர்கள். மேல்பாகத்துக்கு ஆயில் ஏறும் முன் வேகம் கொடுத்தால் தேய்மானம்தான். சோக்கை மறந்துவிட்டுப் போவதும் கெடுதல். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவி, கீழே இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். பிளக்கும் கரி பிடிக்கும். இன்ஜின் சூடேற ஏறச் சோக்கைப் படிப்படியாகக் குறைத்து, சோக் இல்லாமல் நிதானமாக ஓடத் தொடங்கியதும் மெதுவாக ஓட்டிக் கிளம்பலாம். நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓடவிடத் தேவையில்லை.

கார்புரேட்டரைச் சூடாக்கத் தீப்பந்தமோ அடுப்போ பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடுவதும் உயிருக்கு ஆபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாடையோ கிடையாது. கதவைத் திறந்துவைத்தால் போதும் என்று நினைக்காமல், முதலில் வண்டியை வெளியே தள்ளிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.