பெயில்-அவுட் கடன் ஒரு நாட்ட காப்பாத்துதா? நாமளே செக் பண்றது எப்படி

ஏதோ ஒரு நாடு திவாலாகப் போகுது, ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) கடன் குடுத்து செலவ குறை வரிய ஏத்துன்னு சொல்லுதுன்னு நியூஸ் வந்தா உடனே கட்சி பிரிஞ்சு சண்ட போட வேணாம். கிரீஸ எடுத்துக்குங்க, 2010ல இருந்து 2018 வரைக்கும் இந்த மாதிரி நிபந்தனையோட கடன் குடுக்குற ப்ரோக்ராம் மூணு ஓடி முடிஞ்சிருச்சு, அதனால கணக்கு பாக்க வசதி.

மொதல்ல பணம் யார் பாக்கெட்டுக்கு போகுதுன்னு பாருங்க. 2010 மே மாசம் அறிவிச்சது 110 பில்லியன் யூரோ. அதுல பெரும்பகுதி பழைய கடன அடைக்கவே போச்சு, ஏற்கனவே கிரீஸுக்கு கடன் குடுத்திருந்த ஃப்ரெஞ்சு ஜெர்மன் பேங்குங்க நட்டமில்லாம கழண்டுகிச்சு. கடன் குடுத்த தனியார் ஆளுங்களும் நட்டத்துல பங்கெடுக்க 2012 ஆச்சு, அவங்க கையில இருந்த பாண்ட் (கடன் பத்திரம்) முகமதிப்புல 53.5% கழிச்சாங்க. இத ரெண்டு வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கணும்னுதான் நான் சொல்லுவேன்.

அடுத்ததுதான் மெயின். பற்றாக்குறைய (அரசாங்கம் ஒரு வருஷத்துல வரவுக்கு மேல செலவு பண்றது) மட்டும் பாத்து ஏமாறாதீங்க, மொத்த கடன் ஜிடிபில (நாட்டோட ஒரு வருஷ மொத்த உற்பத்தி) எத்தன சதவீதம்னு பாருங்க. பென்ஷன வெட்டுனா பெரியவர் கடைக்கு போறத குறைப்பாரு, கடைக்காரர் வேலையாள நிறுத்துவாரு, வரி வராது, கடைசில ஜிடிபியே சுருங்கிரும். கிரீஸ்ல ஜிடிபி கால்வாசி போயிருச்சு, 2013ல நூத்துக்கு 27 பேருக்கு வேல இல்ல. 2009ல 127% பக்கம் இருந்த கடன், அவ்ளோ தள்ளுபடி பண்ணியும் 2014ல 180% பக்கம் நின்னுச்சு!

வரிய ஏத்துனா வசூல் ஏறுதான்னும் பாருங்க. 2012ல வீட்ட சூடாக்குற எண்ணெய்க்கு வரிய ஏத்துனாங்க, ஜனங்க எண்ணெய் வாங்குறத விட்டுட்டு விறகு, பழைய மர சாமான்னு கிடைச்சத எரிச்சாங்க, குளிர்காலத்துல ஏதென்ஸ் முழுக்க புகை. 2014ல அரசாங்கமே அந்த வரிய குறைச்சுது.

எதிர்ப்பக்கமும் இருக்கு, 2009ல கிரீஸோட பற்றாக்குறை ஜிடிபில 15% பக்கம், வெளில யாரும் கடன் தர மாட்டேன்னாங்க, இந்த பணமும் வரலன்னா ஒரே ராத்திரில இன்னும் மோசமா வெட்டியிருக்கணும். அயர்லாந்து, போர்ச்சுகல் எல்லாம் இதே மாதிரி ப்ரோக்ராம்ல நுழைஞ்சு சீக்கிரமே வெளில வந்துச்சு. அதனால எல்லாமே ஃபெயில்னு அடிச்சு விடாதீங்க.

கடைசியா ஒரு ட்ரிக், ஐஎம்எஃப் சைட்ல ஒவ்வொரு நாட்டு ரிப்போர்ட்டும் ஃப்ரீயா கிடைக்கும், மொத ரிப்போர்ட்ல போட்ட கணிப்ப அப்புறம் நடந்ததோட பக்கத்துல வச்சு பாருங்க. கிரீஸ் 2012ல 1.1% வளரும்னு 2010ல எழுதி வச்சாங்க. வளரல, 7% பக்கம் சுருங்குச்சு.